சப்கேரியர் 64 இருந்தும் உச்சி ஏன் 64 மடங்கு வரவில்லை?

கேள்வி இதுதான்: "இறுதியாண்டு புராஜெக்டுக்காக ஓஎஃப்டிஎம் சிக்னலின் பிஏபிஆர், அதாவது உச்ச மின்திறன் சராசரியைப் போல் எத்தனை மடங்கு என்று கணக்கிட்டேன். 64 சப்கேரியர் என்றால் உச்சி சராசரியைப் போல் 64 மடங்கு, அதாவது 18 டெசிபல் என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் 10,000 சிம்பல் ஓட்டிப் பார்த்தும் 11 டெசிபலைத் தாண்டவில்லை. என் புரோகிராமில் தவறா? அப்புறம், உச்சியைக் குறைக்க எஸ்எல்எம், பிடிஎஸ் என்று கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. செல்போன் கோபுரத்தில் உண்மையில் எதைப் பயன்படுத்துகிறார்கள்?"

புரோகிராமில் தவறு இல்லை. புத்தகத்திலும் தவறு இல்லை. 18 என்பது நடக்கக்கூடிய மிக மோசமான நிலை. 11 என்பது நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்த 7 டெசிபல் இடைவெளியில்தான் இந்தத் துறையின் பிழைப்பே ஓடுகிறது. நான் சில வருடங்கள் ரேடியோ ஆம்ப்ளிஃபயர் பக்கம் வேலை பார்த்தவன். அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் முதல் கேள்வி தெளியாமல் அங்கே போனால் எல்லா முறையும் ஒரே மாதிரி நல்லதாகத் தெரியும்.

ஓஎஃப்டிஎம் என்ன செய்கிறது? ஒரே வேகமான ஓடையாகத் தரவை அனுப்பாமல் நூற்றுக்கணக்கான மெதுவான ஓடைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றையும் ஒரு சப்கேரியரில், அதாவது தனி அதிர்வெண் கொண்ட ஒரு அலையில் ஏற்றி, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஒரே ஆன்டெனாவில் அனுப்புகிறது. இப்படி ஒரு தடவை கூட்டி அனுப்பும் துண்டுதான் ஒரு சிம்பல். பெல் ஆய்வகத்தில் ராபர்ட் சாங் 1966இல் இந்த யோசனைக்கு அடித்தளம் போட்டார். 1971இல் வெய்ன்ஸ்டைனும் எபர்ட்டும் இதை ஃபூரியர் உருமாற்றத்தால் செய்யலாம் என்று காட்டினார்கள். வைஃபை, 4ஜி, 5ஜி, தரைவழி டிஜிட்டல் டிவி எல்லாம் அந்த வம்சம்தான். வம்பு "கூட்டி" என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தைப் பிடித்து 64 பேர் நிற்கிறார்கள். ஒரே குரலில், ஒரே நொடியில், ஒரே பக்கமாக இழுத்தால் 64 ஆள் பலம். ஆளாளுக்கு முன்னும் பின்னுமாக, அவரவர் இஷ்டத்துக்கு இழுத்தால்? பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு, மிஞ்சுவது 64இன் வர்க்கமூலம், அதாவது 8 ஆள் பலம் அளவுக்குத்தான். 64க்கும் 8க்கும் வீச்சில் 8 மடங்கு வித்தியாசம். மின்திறன் வீச்சின் வர்க்கம் என்பதால் அது 64 மடங்காகிறது. உங்கள் புத்தகத்தின் 18 டெசிபல் அங்கிருந்துதான் வருகிறது.

சரி, 64 பேரும் தற்செயலாக ஒரே நொடியில் இழுக்க என்ன வாய்ப்பு? ஒவ்வொரு சப்கேரியரிலும் கியூபிஎஸ்கே என்ற முறையில் தரவு ஏற்றினால் ஒவ்வொன்றுக்கும் 4 நிலை. மொத்தச் சேர்க்கைகள் 4இன் 64ஆம் அடுக்கு. அதில் முழு உச்சியைத் தொடுபவை வெறும் 16. வைஃபை மாதிரி 4 மைக்ரோ நொடிக்கு ஒரு சிம்பல், அதாவது நொடிக்கு இரண்டரை லட்சம் சிம்பல், ஓயாமல் அனுப்பினாலும் அப்படி ஒன்று வரக் காத்திருக்க வேண்டிய காலம் பிரபஞ்சத்தின் வயதைப் போல இரண்டு கோடி கோடி மடங்கு. நீங்கள் ஓட்டியது 10,000 சிம்பல்.

ஆகவே உச்சியைத் தனி எண்ணாகப் பார்க்காமல் வாய்ப்பாகப் பார்க்கப் பழகுங்கள். நிறைய சப்கேரியர்கள் தற்செயலாகக் கூடும்போது கூட்டுத்தொகை கௌசியன் இரைச்சல் போலவே நடந்துகொள்கிறது. ஸ்பெக்ட்ரம் அனலைசரில் ஓஎஃப்டிஎம் சிக்னலையும் பட்டையாக வடிகட்டிய இரைச்சலையும் அடுத்தடுத்துக் காட்டினால் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட சிக்னலின் மின்திறன் ஏதோ ஒரு கணத்தில் சராசரியின் 4 மடங்கைத் தாண்ட வாய்ப்பு 1.8 சதவீதம். 10 மடங்கைத் தாண்ட வாய்ப்பு 22,000இல் ஒன்று. மேலே போகப் போக வாய்ப்பு மளமளவென்று சரிகிறது.

இதிலிருந்து ஒரு நல்ல செய்தி. சப்கேரியர் எண்ணிக்கை ஏற ஏறப் புத்தக உச்சி அதே வேகத்தில் ஏறும். நிஜ உச்சி லாகரிதத்தின் வேகத்தில்தான் ஏறும். 64இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇயின் (4ஜி தரநிலை) 1200க்குப் போனால் புத்தக எண் 18இலிருந்து 31 டெசிபலைத் தொடும். ஒரு சாதாரண சிம்பலின் உச்சியோ 7 டெசிபலைச் சுற்றியிருந்தது 9ஐச் சுற்றி வரும். அவ்வளவுதான். 5ஜியில் ஒரு கேரியருக்குள் 3300 சப்கேரியர் வரை அடைக்கலாம். அதற்கு இன்னும் அரை டெசிபல். "சப்கேரியர் கூடக் கூட நிலைமை கைமீறும்" என்று பாடத்தில் பயமுறுத்துவது கொஞ்சம் மிகை.

ஒரு எச்சரிக்கை. சிம்பலுக்கு 64 மாதிரி (சாம்பிள்) மட்டும் எடுத்துக் கணக்கிட்டிருந்தால் உச்சியைக் குறைத்துக் காட்டியிருப்பீர்கள். உண்மையான உச்சி பெரும்பாலும் இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். எண்களை அலையாக மாற்றும் டிஏசியைத் தாண்டி அனலாக் வடிகட்டி வழியே போகும்போதுதான் அது தலைதூக்கும். சப்கேரியர்களைக் கூட்டும் ஐஎஃப்எஃப்டிக்கு (தலைகீழ் ஃபூரியர் உருமாற்றம்) முன் நடுவில் பூஜ்யங்களைச் செருகி 4 மடங்கு ஓவர்சாம்பிள் செய்துவிட்டு, அதாவது 4 மடங்கு நெருக்கமாக மாதிரி எடுத்து, அளந்தால் போதும்.

எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பது தற்செயலாக நடக்காது. ஆனால் நாமே நடத்திவிட முடியும். பழைய வேலையிடத்தில் ஒரு முறை டிரான்ஸ்மிட்டர் போர்டைச் சோதிக்கும்போது, பிழை பிடிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று தரவு பிட் எல்லாவற்றையும் 1 ஆக வைத்தேன். பிட்களைக் கலைத்துப் போடும் ஸ்கிராம்ப்ளரையும் அணைத்திருந்தேன். எல்லா சப்கேரியரிலும் ஒரே மதிப்பு. நேரத்தில் பார்த்தால் சிம்பலுக்கு ஒரே ஒரு ஊசி, மற்ற இடமெல்லாம் வெறுமை. புத்தகத்தின் அந்த முழு உச்சி! அந்த ஊசி ஃபிக்ஸ்டு பாயிண்ட் எண்ணின் எல்லையைத் தாண்டியது. எல்லையில் நிறுத்தும் ஏற்பாடு கூட்டும் இடத்தில் இல்லை. டூஸ் காம்ப்ளிமென்ட் எண்ணில் எல்லை தாண்டினால் பெரிய நேர் எண் சட்டென்று பெரிய எதிர் எண்ணாகிவிடும். உச்சி இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். ஸ்பெக்ட்ரத்தின் இரண்டு பக்கமும் தோள் தூக்கி நிற்கிறது. இரண்டு நாள் வடிகட்டியைச் சந்தேகித்தேன், அப்புறம் கடிகாரத்தை, அப்புறம் கேபிளை. கடைசியில் ஸ்கிராம்ப்ளரைப் போட்டதும் எல்லாம் சரியானது. ஸ்கிராம்ப்ளரை ரகசியம் காக்க வைத்திருக்கிறார்கள் என்று பலர் நினைப்பதுண்டு. இங்கே அதன் வேலை இழுப்பவர்களைக் கலைத்துவிடுவது.

இனி ஆம்ப்ளிஃபயர். உச்சி வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் தள்ளினால் வெளியீடு ஏறாது, தலை தட்டையாகும். தட்டையான தலை என்றால் நேர்கோடு இல்லாத பெருக்கம். சப்கேரியர்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய அதிர்வெண்கள் பிறக்கும். கொஞ்சம் நம் பட்டைக்குள்ளேயே விழுந்து நம் தரவைக் கெடுக்கும். கொஞ்சம் வெளியே சிந்திப் பக்கத்துக் கம்பெனியின் பட்டையில் விழும். முதலாவது நம் வீட்டுச் சண்டை. இரண்டாவதற்கு உரிம நிபந்தனை உண்டு. எல்டிஇ கோபுரம் பக்கத்து சேனலில் சிந்தும் மின்திறன் தன் சேனலில் இருப்பதை விட 45 டெசிபல் கீழே இருக்க வேண்டும்.

சுலபமான வழி, கூரையை உச்சிக்கு மேலே வைப்பது. சராசரி 40 வாட் அனுப்ப வேண்டும், உச்சிக்கு 10 டெசிபல் இடம் வேண்டும் என்றால் 400 வாட் ஆம்ப்ளிஃபயர். வருடத்தில் ஒரு முகூர்த்தத்துக்காக ஆயிரம் பேர் மண்டபத்தை 365 நாளும் வாடகைக்கு வைத்திருப்பது மாதிரி. மண்டபமாவது சும்மா கிடக்கும். ஆம்ப்ளிஃபயர் தீனி கேட்கும். பி வகுப்பு ஆம்ப்ளிஃபயரின் செயல்திறன் கூரையைத் தொடும்போது 78.5 சதவீதம். ஆனால் அது வீச்சோடு சேர்ந்து இறங்கும். கூரையிலிருந்து 10 டெசிபல் பின்வாங்கி ஓட்டினால் ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் மின்திறனில் நாலில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டியதுதான் ஆன்டெனாவுக்குப் போகும். கணக்குப் போட்டால் 40 வாட்டுக்காக 140 வாட்டுக்கு மேல் இழுத்து, 100 வாட்டை வெப்பமாக்கி வெயிலில் காயும் கோபுர உச்சியில் கொட்டுகிறோம். பின்வாங்கலை 7 டெசிபலாகக் குறைத்தால் இழுப்பு 100 வாட் அளவுக்கு வந்துவிடும். இது ஒரு ஆன்டெனாக் கிளைக்கு மட்டும். ஒரு கோபுரத்தில் எத்தனை கிளை, நாட்டில் எத்தனை கோபுரம், கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர் என்று பெருக்கிக்கொண்டே போங்கள். அந்த 3 டெசிபலுக்காக ஏன் இவ்வளவு பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்று புரியும்.

அந்த 3 டெசிபலை எப்படி வாங்குகிறார்கள்? நீங்கள் எதிர்பார்க்கும் நேர்த்தி எதுவும் இல்லை. வெட்டுகிறார்கள்.

ஆம், உச்சியை வெட்டி எறிகிறார்கள். ஆம்ப்ளிஃபயர் தட்டையாக்குவதற்கு முன்பே, டிஜிட்டல் பக்கத்திலேயே, இவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்று கத்தரிக்கிறார்கள். தொழிலில் இதன் பெயர் சிஎஃப்ஆர் (கிரெஸ்ட் ஃபேக்டர் ரிடக்‌ஷன்). எனக்கு முதன்முதலில் இதைச் சொன்னபோது நம்பவில்லை. ஆம்ப்ளிஃபயர் கெடுக்கும் என்று பயந்து நாமே கெடுத்துக்கொள்வதா என்று தோன்றியது. வித்தியாசம் என்னவென்றால், டிஜிட்டலில் வெட்டினால் சிந்தியதை நாமே பெருக்கித் துடைக்கலாம். வெட்டியதால் பட்டைக்கு வெளியே போனதை வடிகட்டியால் நீக்கிவிடலாம். நீக்கியதும் உச்சி கொஞ்சம் திரும்ப முளைக்கும். மறுபடி வெட்டி, மறுபடி வடிகட்டி, இப்படி மூன்று நான்கு சுற்று. அல்லது உச்சி இருக்கும் இடம் பார்த்து, ஏற்கெனவே பட்டைக்குள் அடங்கும்படி செய்து வைத்திருக்கும் ஒரு சின்ன அலைத்துணுக்கை அங்கே கழிப்பார்கள். இரண்டாவதுதான் ஹார்டுவேரில் சுலபம். கழிக்கும் துணுக்கே சுத்தமாக இருப்பதால் துடைக்கும் வேலை மிச்சம்.

பட்டைக்கு உள்ளே விழும் பிழை? அது தங்கிவிடும். ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். கௌசியன் சிக்னலைச் சராசரிக்கு 8 டெசிபல் மேலே வெட்டினால் கத்தி படுவது 550 மாதிரிக்கு ஒன்றில்தான். அதிலும் வெட்டுப்படுவது நுனி மட்டும். பிழையைக் கணக்கிட்டால் வீச்சில் ஏறக்குறைய 1 சதவீதம் வரும். 7 டெசிபலில் 2.3 சதவீதம், 6 டெசிபலில் 4 சதவீதம். சரி, எல்டிஇ தரநிலை கோபுரத்துக்கு எவ்வளவு பிழையை அனுமதிக்கிறது? ஈவிஎம் என்ற அளவில் கியூபிஎஸ்கேக்கு 17.5 சதவீதம். சப்கேரியருக்கு 16 நிலை வைக்கும் 16 கியூஏஎம்முக்கு 12.5, 64 கியூஏஎம்முக்கு 8, 256 கியூஏஎம்முக்கு 3.5. அதாவது பிழை செய்ய அதிகாரப்பூர்வமான பட்ஜெட் ஒன்று இருக்கிறது. சிஎஃப்ஆர் செய்வது அந்தப் பட்ஜெட்டைச் செலவழித்துக் கரண்டைச் சேமிப்பது. 64 கியூஏஎம் வரைக்கும் தாராளமாகச் செலவழிக்கலாம். 256 வந்தபோது கை கட்டப்பட்டது. 3.5க்குள் ஆம்ப்ளிஃபயரின் மிச்சக் கோணலும், ஆசிலேட்டர் இரைச்சலும், வெட்டினால் வரும் பிழையும் எல்லாம் அடங்க வேண்டும். அந்த நேரத்தில் டிசைன் மீட்டிங்குகளில் 0.3 சதவீதத்துக்காக நடந்த பஞ்சாயத்துகளை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படி 10, 12 டெசிபலில் திரிந்த உச்சியை 7, 8க்கு இறக்கிய பிறகு மற்ற இரண்டு உபாயங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று டிஜிட்டல் பிரீடிஸ்டார்ஷன்: ஆம்ப்ளிஃபயர் எப்படிக் கோணும் என்று அளந்து, அதற்கு எதிராக முன்கூட்டியே கோணி அனுப்புவது. கூரைக்கு அருகில் வரை நேராக்க முடியும். கூரைக்கு மேலே போன உச்சியை எந்தப் பிரீடிஸ்டார்ஷனாலும் மீட்க முடியாது. அதனால்தான் வெட்டு முதலில், கோணல் அடுத்து. வரிசையை மாற்றினால் இரண்டும் கெட்டுவிடும். மற்றது டோஹெர்ட்டி ஆம்ப்ளிஃபயர். வில்லியம் டோஹெர்ட்டி 1936இல், மறுபடியும் பெல் ஆய்வகத்தில், ஏஎம் வானொலி டிரான்ஸ்மிட்டர்களுக்காக யோசித்தது. வேலை பார்க்க ஒருவர், கூட்டம் வந்தால் மட்டும் எழுந்து வரும் உதவியாள் ஒருவர், இரண்டு டிரான்சிஸ்டர்; டோஹெர்ட்டி காலத்தில் இரண்டு வால்வு. கூரைக்கு 6 டெசிபல் கீழேயும் கொள்கையளவில் அதே 78.5 சதவீதம் கிடைக்கும். வால்வு காலத்து யோசனையை எழுபது வருடம் கழித்து 3ஜி, 4ஜி கோபுரங்கள் தூசி தட்டி எடுத்தன. எனக்குப் பிடித்த சர்க்யூட் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

இப்போது உங்கள் கட்டுரைக் குவியல். எஸ்எல்எம் 1996இல் வந்தது, பிடிஎஸ் 1997இல். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரே தரவைப் பல விதமாகக் கட்டம் (ஃபேஸ்) மாற்றிச் செய்து பார், உச்சி குறைவாக வந்ததை அனுப்பு. அழகான யோசனை. எந்தப் பிழையும் சேராது. 1200 சப்கேரியரில் ஒரு சிம்பல் 10 டெசிபலைத் தாண்ட வாய்ப்பு 14 சதவீதம். தனித்தனியாக 4 முயற்சி செய்து நல்லதை எடுத்தால், நான்கும் சேர்ந்து தாண்ட வாய்ப்பு 0.04 சதவீதம். வரைபடத்தில் பிரமாதமாகத் தெரியும். ஆனால் இதையே டெசிபலில் பாருங்கள். எதுவுமே செய்யாத சிக்னல் 12 டெசிபலைத் தாண்டும் வாய்ப்பும் அதே 0.04 சதவீதம்தான். ஆக 4 ஐஎஃப்எஃப்டி ஓட்டி நாம் வாங்கியது 2 டெசிபல். முரட்டு வெட்டு அதே இடத்தில் நான்கு ஐந்து டெசிபலை இறக்கிவிட்டுப் போகிறது.

அதோடு முடியவில்லை. நான்கில் எதை அனுப்பினேன் என்று ரிசீவருக்குச் சொல்ல 2 பிட் வேண்டும். அந்த 2 பிட் தவறினால் அந்த சிம்பல் முழுக்கப் போச்சு. முக்கியமாக, ரிசீவருக்குத் தெரிய வேண்டும் என்றால் தரநிலையில் எழுத வேண்டும். தரநிலையில் எழுதினால் உலகத்திலுள்ள எல்லாக் கைபேசிக்காரரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்டுவதற்கு யாரையும் கேட்க வேண்டாம். எப்படி வெட்டுகிறோம் என்பது ஒவ்வொரு கம்பெனியின் சொந்த ரகசியமாகவும் இருக்கலாம். எல்டிஇ, வைஃபை தரநிலைகள் எதிலும் எஸ்எல்எம்மோ பிடிஎஸ்ஸோ நுழையாததற்கு இதை விடப் பெரிய காரணம் தேட வேண்டாம் என்பது என் கணிப்பு. கட்டுரை எழுதுவதற்கு வசதியான முறையும் கோபுரத்தில் ஏற்றுவதற்கு வசதியான முறையும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று விதி இல்லையே.

விதிவிலக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் வந்த டிவிபி டி2 டிஜிட்டல் டிவி தரநிலை, சப்கேரியர்களில் 1 சதவீதம் வரை தரவு ஏற்றாமல் ஒதுக்கி வைக்க இடம் தருகிறது. அந்த வெற்று சப்கேரியர்களில் எதை அனுப்பினால் உச்சி குறையுமோ அதை டிரான்ஸ்மிட்டர் அனுப்பிக்கொள்ளலாம். டிவிப் பெட்டி அவற்றைக் கண்டுகொள்ளாது. டோன் ரிசர்வேஷன் என்பார்கள். டிரான்ஸ்மிட்டர்கள் சில, ஒவ்வொன்றும் கிலோவாட் கணக்கில் கரண்ட் குடிக்கும், பெட்டிகளோ கோடிக்கணக்கில். அங்கே 1 சதவீதத்தைத் தியாகம் செய்வது லாபக் கணக்கு.

கோலே வரிசைகளைப் பற்றிச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. மார்செல் கோலே அகச்சிவப்பு நிறமாலைமானியில் வேலை செய்தவர். பிளவுகளின் வழியே வரும் வெளிச்சத்தில் சிக்னலையும் பின்னணியையும் பிரிக்க வழி தேடும்போது, ஒன்றின் குறையை மற்றது நிரப்பும் ஜோடி வரிசைகளைக் கண்டுபிடித்தார். 1961இல் அவற்றை முறையாக எழுதினார். ஜோடியில் இரண்டையும் தனித்தனியாக சப்கேரியர்களில் ஏற்றினால், எந்தக் கணத்திலும் இரண்டின் மின்திறனையும் கூட்டினால் ஒரே எண்தான் வரும். ஒன்று ஏறினால் மற்றது அதே அளவு இறங்கும். மின்திறன் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே ஒன்று எவ்வளவு ஏறினாலும் அந்த மொத்தத்தைத் தாண்ட முடியாது. மொத்தம் என்பது அதன் சராசரியைப் போல 2 மடங்கு. சப்கேரியர் 64 ஆனாலும் 4096 ஆனாலும் உச்சி 3 டெசிபலுக்குள் அடக்கம். இரண்டு வரியில் முடியும் நிரூபணம்! 1999இல் டேவிஸும் ஜெட்வாபும் இந்த வரிசைகள் ரீட் முல்லர் குறியீடுகளுக்குள் ஒளிந்திருப்பதைக் காட்டினார்கள். உச்சியும் அடங்கும், பிழையும் திருத்தும். பின் ஏன் எங்கும் இல்லை? அப்படிப்பட்ட வரிசைகள் மிகக் குறைவு. சப்கேரியர் எண்ணிக்கை கூடக் கூட ஒரு சிம்பலில் ஏற்றக்கூடிய தரவு சொற்பமாகிவிடும். தரவு வண்டிக்கு அது உதவாது.

இதுவரை சொன்னது கோபுரத்தின் கதை. கைபேசியின் கதை வேறு. கைபேசியின் உச்ச வெளியீடு பொதுவாக 200 மில்லிவாட். சின்ன பேட்டரி, கையில் சுடக் கூடாது, ஆம்ப்ளிஃபயர் சில ரூபாய்க்குள் முடிய வேண்டும். பிரீடிஸ்டார்ஷன், டோஹெர்ட்டி என்று கோபுரம் அளவுக்கு அங்கே ஆடம்பரம் செய்ய முடியாது. அதனால் 2008 இறுதியில் முதல் எல்டிஇ தரநிலை உறைந்தபோது கைபேசி பேசும் திசைக்கு அலையையே மாற்றிவிட்டார்கள். தரவை சப்கேரியர்களில் நேராக ஏற்றாமல், முதலில் ஒரு டிஎஃப்டி (ஃபூரியர் உருமாற்றம்) வழியே அனுப்பிக் கலந்துவிட்டு ஏற்றுவது. பின்னால் வரும் ஐஎஃப்எஃப்டி அந்தக் கலவையைப் பெரும்பாலும் அவிழ்த்துவிடுவதால் வெளியே வருவது ஒற்றை கேரியர் சிக்னல் மாதிரியே நடந்துகொள்ளும்; உச்சி 2, 3 டெசிபல் குறையும். எஸ்சி எஃப்டிஎம்ஏ என்று பெயர். எஸ்எல்எம் 4 ஐஎஃப்எஃப்டி ஓட்டித் தந்த அதே 2 டெசிபல், ஒரு டிஎஃப்டி செலவில், பக்கக் குறிப்பு பிட் எதுவும் இல்லாமல்.

5ஜி இரண்டையும் கையில் வைத்திருக்கிறது. கோபுரத்துக்கு அருகில் இருந்தால் கைபேசி சாதாரண ஓஎஃப்டிஎம். ஓரத்துக்குப் போனால் டிஎஃப்டி கலந்தது. வித்தியாசத்தைத் தரநிலையே எண்ணாக எழுதி வைத்திருக்கிறது. சாதாரண வகைக் கைபேசி, கியூபிஎஸ்கே, சேனலின் நடுப்பகுதியில் ஒதுக்கீடு என்றால், டிஎஃப்டி கலந்த அலைக்கு மின்திறனைக் குறைக்க அனுமதியே இல்லை, முழுதாக அனுப்ப வேண்டும். சாதாரண ஓஎஃப்டிஎம் என்றால் 1.5 டெசிபல் வரை குறைத்துக்கொள்ளலாம். கிராமப்புறத்தில் தூரத்தின் மூன்றரை அடுக்காக சிக்னல் மங்குகிறது என்று வைத்தால் 1.5 டெசிபல் என்பது தூரத்தில் 10 சதவீதம், பரப்பில் 22 சதவீதம். கடைசி வீட்டிலிருந்து அழைப்பு போகுமா போகாதா என்ற அளவு வித்தியாசம்.

இந்த இடத்தில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஊருக்கு ஊர் கோபுரம் நெருக்கமாக இல்லாத இந்தியக் கிராமங்களை மனதில் வைத்து, 6 கிலோமீட்டர் இடைவெளியில் கோபுரங்கள் என்ற சோதனை நிலையை ஐடியூவின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) 5ஜி மதிப்பீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு விடையாக சென்னை ஐஐடி, அதைச் சார்ந்த செவிட் ஆய்வு மையம், ஐதராபாத் ஐஐடி ஆகியவை இந்தியத் தொலைத்தொடர்புத் தரநிலை அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐயின் வழியே முன்வைத்ததில், பை/2 பிபிஎஸ்கே என்ற இரண்டு நிலை அலையை நுணுக்கமாக வடிகட்டி உச்சியை மேலும் அடக்கும் யோசனை மையமானது. உச்சி அடங்கினால் அதே மலிவான ஆம்ப்ளிஃபயரைக் கூரை வரை ஓட்டிக் கூடுதல் மின்திறன் எடுக்கலாம். கைபேசியின் குரல் தூரம் போகும். 5ஜிஐ என்ற பெயரில் 2021இல் ஐடியூ அதை ஏற்றது. தனித்தரம் என்றால் கருவிகள் விலை ஏறும் என்று மொபைல் கம்பெனிகள் தயங்கின. கடைசியில் உலக மொபைல் தரநிலைகளை எழுதும் 3ஜிபிபியின் 17ஆம் வெளியீட்டோடு இணைத்துக்கொள்வது என்று முடிந்தது. தனித்தரமாக நின்றிருக்க வேண்டுமா என்பதில் எனக்கும் சந்தேகம் உண்டு. பொறியியல் கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை.

செயற்கைக்கோள் டிவியையும் ஒரு வரியில் தொட்டுவிடலாம். மாடியிலுள்ள டிஷ்ஷுக்கு வருவது ஓஎஃப்டிஎம் இல்லை, ஒற்றை கேரியர். மேலே சூரியத் தகட்டின் கரண்டில் ஓடும் ஆம்ப்ளிஃபயரைக் கூரையோடு ஒட்டி ஓட்டியாக வேண்டும். கட்டடங்களில் மோதி எதிரொலிக்கும் தொல்லையும் அங்கே இல்லை. ஓஎஃப்டிஎம் தரும் லாபம் தேவைப்படாத இடத்தில் அதன் உச்சிக்கு யார் கப்பம் கட்டுவார்கள்?

உங்கள் புராஜெக்டுக்கு வருகிறேன். எஸ்எல்எம்மை இன்னொரு முறை சிமுலேட் செய்து வரைபடம் போடாதீர்கள். அது ஏற்கெனவே ஆயிரம் பேர் போட்டது. 4 மடங்கு ஓவர்சாம்பிள் செய்த சிக்னலை எடுங்கள். 6, 7, 8 டெசிபலில் வெட்டி வடிகட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஈவிஎம் எவ்வளவு, பக்கத்து சேனலில் சிந்தியது எவ்வளவு என்று அளந்து பாருங்கள். அப்புறம் அதை ராப் மாதிரி (மாடல்) என்ற எளிய ஆம்ப்ளிஃபயர் கணக்கின் வழியே அனுப்பி, 45 டெசிபல் வரம்பு உடையாமல் சராசரி மின்திறனை எவ்வளவு ஏற்ற முடிகிறது என்று பாருங்கள். எஸ்எல்எம்மையும் அதே பந்தயத்தில் ஓட விடுங்கள். பிஏபிஆர் வரைபடத்தில் ஜெயிப்பது எது, ஆன்டெனாவில் அதிக வாட் தருவது எது என்று இரண்டு பத்தி எழுதினால் வைவாவில் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். ராப் மாதிரியில் வளைவின் கூர்மைக்கு 2, 3 என்று இரண்டு மதிப்பு வைத்துப் பாருங்கள். முடிவு அதைப் பொறுத்து நகரும். அது ஏன் என்று உங்களிடமே கேட்பார்கள்.